பிற சமய அயலாருக்காகச் சபை வளாகத்தில் இலவசக் கண் முகாம்: குமரி மாவட்டச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்தவரல்லாத அயலாரை எப்படி அணுகுவது என்ற கேள்வி, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ எல்லாச் சபைக் கூட்டங்களிலும் எழுகிறது. பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் விடை, இன்னொரு நற்செய்திக் கூட்டமும் இன்னும் பெரிய மைக் செட்டுமாகவே முடிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 48.7 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் சுமார் 46.9 விழுக்காடு. அதாவது, கிறிஸ்தவம் என்றால் என்னவென்றே கேள்விப்படாத ஒருவர் இங்கே ஏறக்குறைய இல்லை. மணியோசையையும் ஒலிபெருக்கியையும் நாள்தோறும் கேட்கும் அயலாருக்கு, சபை தம்மைக் குறித்து அக்கறை கொண்டிருக்கிறதா என்பது மட்டுமே தெரியாமல் இருக்கிறது. அதைக் காட்டும் வழிகளில் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் கண் முகாம் என்பது எங்கள் அனுபவம்.

நாங்கள் இதைத் தொடங்கியபோது எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், எதற்கு எவ்வளவு முன்னதாக ஓட வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்பவர் எவரும் இருக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்ட கடிதத்தை அடுத்த அலுவலகத்தில் வேறு வடிவில் கேட்டார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. தேவை எதுவென்று முதலில் கேளுங்கள்

கண் முகாம்தான் வேண்டும் என்று சபைக்குள்ளேயே முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரையும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளரையும், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளையும் சந்தியுங்கள். வீட்டுக்குள்ளேயே முடங்கியிருக்கும் முதியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கண்புரையா, நீரிழிவா, மூட்டுவலியா என்பது இந்தச் செவிலியருக்கும் பணியாளருக்கும் தலைவிகளுக்கும்தான் தெரியும். இரத்த தானமே தேவை என்று தெரிந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரத்த வங்கியை அணுகுவது எளிது. கண்புரை நோயாளிகள் மிகுந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

2. தீர்மானமும் கூட்டுக்குழுவும்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையானால் சேகரக் குழுவிலும், கத்தோலிக்கப் பங்கானால் பங்குப் பேரவையிலும், தனிச் சபையானால் அறக்கட்டளை நிர்வாகிகள் கூட்டத்திலும் எழுத்து வடிவில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். முகாமின் நோக்கம், உத்தேச நாள், இடம், செலவு வரம்பு, கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற இருவரின் பெயர் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இதன் சான்றிட்ட நகலைப் பின்னால் எல்லா அலுவலகங்களிலும் கேட்பார்கள். முன்கூட்டியே பத்து நகல்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, அருகிலுள்ள கோயிலின் ஊர்க் கமிட்டித் தலைவரையும், நிழல்தாங்கல் (அய்யா வழியினரின் வழிபாட்டிடம்) இருந்தால் அதன் பொறுப்பாளரையும், பள்ளிவாசல் இருந்தால் ஜமாஅத் நிர்வாகிகளையும் போதகரோ பங்குத்தந்தையோ நேரில் சென்று சந்திக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. 'எங்கள் வளாகத்தில் நடத்துகிறோம், நீங்களும் சேர்ந்து நடத்தித் தர வேண்டும்' என்று கேளுங்கள். பெயருக்கு அழைக்காமல், பதிவு மேசையையோ வாகனப் பொறுப்பையோ அவர்கள் கையில் உண்மையிலேயே ஒப்படையுங்கள். தம் ஊர்த் தலைவர் பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பதைக் கண்ட பிறகுதான் பல முதியவர்கள் சபை வாசலுக்குள் காலெடுத்து வைப்பார்கள்.

3. நாள் குறித்தல்

இந்த மாவட்டத்தில் நாள் குறிப்பது தனிக் கலை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால், ஜூன் முதல் டிசம்பர் முற்பகுதி வரை பந்தலை நம்ப முடியாது; உள்ளரங்கம் இருந்தால் மட்டுமே அந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். மாசி மாதத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை (ஆண்டுத் திருவிழா), மாசி 20 அன்று அய்யா வைகுண்டர் அவதார தினம், பன்னிரு சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் எல்லாம் அதையொட்டியே வருகின்றன. போதாததற்கு ஈஸ்டருக்கு முந்தைய நம்முடைய தபசு (நோன்பு) காலமும் பெரும்பாலும் அப்போதுதான். கார்த்திகை தொடங்கிச் சபரிமலை விரதம் இருக்கும் வீடுகள் பல. மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம். நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா. இவற்றுக்கு மேல் உங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கும் சுடலைமாடன் கோயிலுக்கும் தனித்தனியே கொடை நாட்கள் இருக்கும். அவை எந்த நாட்காட்டியிலும் அச்சாவதில்லை, ஊர்க் கமிட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

எஞ்சுவது ஜனவரியின் பிற்பகுதியும் ஏப்ரல், மே மாதங்களுமே. மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கூடம் தேவைப்படும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நடப்பதால், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் விசைப்படகு மீனவர்கள் கரையில் இருக்கும் அந்த நாட்கள் மழையையும் மீறிப் பொருத்தமானவை.

கிழமையைப் பொறுத்தவரை, முந்திரி ஆலைப் பெண்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. கிழமை நாளில் முகாமுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். இரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் அதிகாலையில் தோட்டத்துக்குப் போய் முற்பகலில்தான் திரும்புகிறார்கள். எனவே ஞாயிறு காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நடத்துவதே சரி. அதற்காக அன்றைய ஆராதனையை அல்லது திருப்பலியை விடியற்காலைக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மாற்றுவதற்கே சபையில் எதிர்ப்பு கிளம்பினால், முகாமை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சபையாரிடம் பேசுங்கள்.

4. மருத்துவமனையுடன் உடன்பாடு

தன்னார்வலர்களைக் கொண்டு நாமே பரிசோதனை செய்வது கூடவே கூடாது. முகாம் நடத்தும் அனுபவமுள்ள ஒரு கண் மருத்துவமனையை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் அணுகுங்கள். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் அத்தகைய மருத்துவமனைகள் உள்ளன. முகாம் இடத்தில் பரிசோதனை மட்டுமே நடைபெறும். அறுவை சிகிச்சை தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சிகிச்சை முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். பள்ளிக் கட்டடத்திலோ கூடத்திலோ அறுவை சிகிச்சை செய்து தருகிறோம் என்று எவராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

உடன்பாட்டுக் கடிதத்தில் சில விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: அறுவை சிகிச்சை, உள்விழி லென்ஸ், தங்குமிடம், உணவு, போய்வரும் வாகனம் ஆகியவற்றில் எது இலவசம், கண்ணாடிக்கு நோயாளி பணம் தர வேண்டுமா, மறுபரிசோதனை எங்கே, எப்போது, சிக்கல் நேர்ந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது. 'எல்லாம் இலவசம்' என்ற வாய்மொழியை நம்பி நோட்டீஸ் அடித்துவிட்டு, கண்ணாடிக்குப் பணம் கேட்கும்போது ஊராரிடம் பதில் சொல்லப் போவது சபைதான்.

மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் ஒப்புதலை மருத்துவமனை பெற்றுத் தருமா, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டு, நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

5. அனுமதிகள்

இதில்தான் நேரம் போகும். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

காவல் நிலையம்: சபையின் கடிதத்தாளில் மனு, தீர்மான நகல், மருத்துவமனையின் சம்மதக் கடிதம், இடத்தின் வரி ரசீது நகல், பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல் ஆகியவற்றை இணைத்து ஆய்வாளரிடம் கொடுங்கள். மைக் அனுமதியை அதே மனுவில் கேட்கலாம். ஆட்டோவில் விளம்பரம் செய்வதானால் வாகன எண், செல்லும் வழி, நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். கட்டணம் எதையும் சலான் வழியாகவே செலுத்துங்கள். மனு கொடுத்தவுடன் மனு ரசீது கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முந்தின நாள் மாலை வரை 'பார்க்கிறோம்' என்ற பதில்தான் கிடைக்கும், அப்போது கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். கூம்பு வடிவக் குழாய்களுக்கு அனுமதி கிடையாது. சென்னையில் ஒரு சபைக்கும் அருகில் குடியிருந்தோருக்கும் இடையே நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டுமென்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று உச்சநீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. முகாமுக்கு ஒரு பெட்டி ஸ்பீக்கர் போதும், அதுவும் டோக்கன் எண் அழைப்பதற்கு மட்டும். காத்திருப்போருக்குப் பொழுதுபோகட்டும் என்று பாமாலையோ கீர்த்தனையோ ஒலிக்கவிட வேண்டாம்.

உள்ளாட்சி அமைப்பு: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது நாகர்கோவில் மாநகராட்சியிடம் தகவல் கடிதம் கொடுத்துக் குடிநீரும் தூய்மைப் பணியும் கேளுங்கள். பேனர் வைக்கத் தனி அனுமதி வேண்டும். பிறர் சுவரில் சுவரொட்டி ஒட்டுவது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

இடம்: ஆலயத்துக்குள் நடத்தாமல், சமூகக் கூடத்தில் அல்லது பள்ளியில் நடத்துங்கள். சபைப் பள்ளியானால் தாளாளரின் கடிதம், அரசுப் பள்ளியானால் கல்வித்துறையின் முன்அனுமதி தேவை. விசுவாசி ஒருவரின் வீட்டில் நடத்தலாம் என்ற யோசனை எழும். ஏற்கெனவே வீட்டு ஜெபக்கூடங்களைக் குறித்துப் பல ஊர்களில் தகராறு இருக்கிறது. பொது வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. முகாம் என்ற பெயரில் ஜெபக்கூடம் தொடங்குகிறார்கள் என்ற புகாருக்கு நாமே இடம் கொடுக்கக் கூடாது.

உணவு: கூட்டங்களில் இலவசமாக உணவு வழங்குவோரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், புகைப்படமும் அடையாளச் சான்றும் போதும், இணையவழியில் விண்ணப்பிக்கலாம். சமையல் ஒப்பந்தக்காரரிடம் விட்டால் அவருடைய உரிமத்தின் நகலை வாங்குங்கள். சைவ உணவு மட்டும் போடுங்கள். சபையின் அசன விருந்தில் (பொதுப் பந்தியில்) பழகிய பழக்கத்தில் இறைச்சிக் குழம்பு வைத்தால் விரதக்காரர்கள் பட்டினியாகத் திரும்புவார்கள்.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்தால் எல்லா அனுமதிகளும் தாமதமாகும். நாள் குறிக்கும்போதே அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

6. நோட்டீஸ்

நடத்துபவர் யார் என்பதை மறைக்காமல் சபையின் பெயரை எழுதுங்கள்; அதோடு ஊர்க் கமிட்டியின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். சபையின் பெயரை ஒளித்து 'நற்பணி மன்றம்' என்று அச்சிடுவது, பின்னால் தெரியவரும்போது, நேர்மையாக அழைத்திருந்தால் வந்திருக்கக்கூடியவர்களையும் விரட்டிவிடும். வேத வசனம், 'அற்புத சுகம்', 'விடுதலை' போன்ற சொற்கள் அந்தத் தாளில் இடம்பெறக் கூடாது. சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் வரலாம் என்ற வரியும், கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலும் கட்டாயம் இருக்கட்டும்: ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, உறவினர் ஒருவரின் தொலைபேசி எண், தற்போது உட்கொள்ளும் சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகள், மாற்றுத் துணி. மாத்திரையை மறந்து வந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பும்போது மிகுந்த சிரமம் ஏற்படும். விளவங்கோடு, கிள்ளியூர் பகுதிகளில் மலையாளத்திலும் அச்சிட்டால் நல்லது.

7. பணம்

மருத்துவச் செலவு பெரும்பாலும் மருத்துவமனையைச் சார்ந்தது. சபைக்கு வருவது விளம்பரம், பந்தலும் நாற்காலியும், மருத்துவக் குழுவுக்கு உணவு, வந்தோருக்கு மதிய உணவு, முதியோரை அழைத்துவரும் வாகனம், மறுபரிசோதனை நாளின் வாகனம் ஆகியவை. கடைசிச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கென்று பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். விளம்பரத்தில் குறைத்து வாகனத்துக்குக் கூட்டுவதே என் ஆலோசனை. வீடுவீடாகப் போய்ச் சொல்லும் இரண்டு பெண்கள் ஆட்டோ விளம்பரத்தைவிட மேல்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரிடம் பணம் கேட்பது இம்மாவட்டத்தின் வழக்கம். இங்கே கவனம் வேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட உங்கள் சபையாரின் மகன், வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (ஓ.சி.ஐ.) அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்று, புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கெனக் கணக்கு வைத்திராத சபை அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. வேறொரு பதிவு பெற்ற அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடை செய்துவிட்டது. நன்கொடை தருபவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கே 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். தணிக்கையில் அதை அறக்காரியச் செலவாக ஏற்க மாட்டார்கள்.

8. முகாம் நாள்

பார்வைப் பலகைக்கு ஆறு மீட்டர் நீளமான தடையற்ற இடம், மருத்துவர் பரிசோதிக்க இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பலகை ஆகியவற்றை முந்தின நாள் மாலையே சரிபார்த்துவிடுங்கள். காலை வந்தவுடன் டோக்கன் கொடுத்து உட்காரவைத்துவிட்டால் பாதிச் சச்சரவு குறையும்.

தொண்டர்களுக்கு முன்கூட்டியே ஒரு மணி நேரப் பயிற்சி கொடுங்கள். தங்களுக்குள் 'தோத்திரம்' சொல்லிக்கொள்வது இருக்கட்டும். வந்தவர்களுக்கு 'வணக்கம்' சொல்ல வேண்டும். நெற்றியிலுள்ள திருநீற்றையோ திருநாமத்தையோ குறித்து எவரும் வாய் திறக்கக் கூடாது. தொடக்க நிகழ்ச்சி பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். ஜெபம் செய்ய விரும்பும் தொண்டர்கள் முகாம் தொடங்கும் முன் ஆலயத்துக்குள் சென்று செய்யலாம். வரிசையில் நிற்கும் நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நற்செய்திக் கைப்பிரதி கொடுப்பதும் கூடாது. சிகிச்சைக்காக நம் வாசலில் காத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது நற்செய்தியாகாது. சட்டமும் இதில் நமக்குத் துணை நிற்காது: சமயத்தைப் பரப்பும் உரிமையை அரசமைப்பின் 25-ஆம் பிரிவு தருகிறது என்றாலும், பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்சநீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்துள்ளது.

பதிவேட்டிலுள்ள பெயரும் எண்ணும் மருத்துவத் தொடர்புக்கு மட்டுமே. அந்த எண்களைச் சபை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதும், கட்டுப்போட்ட கண்ணோடு இருப்பவர்களைப் படமெடுத்து நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதும் நடந்தால், அடுத்த முகாமுக்கு ஊரில் எவரும் வரமாட்டார்கள்.

9. அறுவை சிகிச்சைக்குப் பின்

உண்மையான அறிமுகம் இங்கேதான் தொடங்குகிறது. அழைத்துச் செல்லும் பேருந்தில் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாகத் தொண்டர்கள் உடன் போகட்டும். திரும்பி வந்தவர்களுக்குச் சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணில் தண்ணீர் படக் கூடாது. அடுப்புப் புகையும் தூசியும் ஆகாது. தனியே வாழும் பாட்டிக்கு யார் மருந்து விடுவது? பக்கத்து வீட்டுச் சபையார் ஒருவரைக் குடும்பத்தின் சம்மதத்தோடு பொறுப்பாக்குங்கள். கடுமையான வலி, சிவப்பு, பார்வை திடீரென மங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஒரு வாகன ஓட்டுநரின் எண்ணை எல்லா வீடுகளிலும் எழுதிக் கொடுங்கள். மறுபரிசோதனை நாளில் ஒருவர் வரவில்லை என்றால், வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

10. எவரேனும் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால்

சிலர் கேட்பார்கள், பலர் கேட்கமாட்டார்கள். கேட்காதவர்களிடம் நாமாகத் தொடங்க வேண்டாம். கேட்பவரிடம் மருந்து கொடுக்கப் போன இடத்தில் பதில் சொல்லத் தொடங்காமல், 'இன்னொரு நாள் நிதானமாகப் பேசுவோம், வீட்டாரும் இருக்கட்டும்' என்று சொல்லுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர் எவராக இருந்தாலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமின்றி விடுமுறை வேதாகமப் பள்ளியில்கூடச் சேர்க்க வேண்டாம்.

ஞானஸ்நானம் வரை கேட்பவர் பட்டியல் இனத்தவரானால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராவோருக்கு அந்தத் தகுதி நீடிக்காது என்பதையும், தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள் என்பதையும், பிள்ளைகளின் கல்விக்கும் வேலைக்கும் இதனால் வரும் மாற்றத்தையும் முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுங்கள். பல சபைகள் இதைச் சொல்லாமல் விடுகின்றன. சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் போகும் நாளில்தான் குடும்பத்துக்குத் தெரியவருகிறது. ஞானஸ்நானத்துக்கான ஆயத்த வகுப்புகளை மாதக்கணக்கில் நடத்துங்கள். கேட்டவர் தம் கைப்பட எழுதிய விண்ணப்பத்தைச் சபைப் பதிவேட்டில் வையுங்கள். அந்தக் கோப்பையும் முகாம் கோப்பையும் ஒரே உறையில் போடாதீர்கள்.

முகாமின் வரவு செலவுக் கணக்கை அடுத்த மாதத்துக்குள் தணிக்கை செய்து, ஒரு நகலைச் சபை அறிவிப்புப் பலகையிலும் மற்றொன்றை ஊர்க் கமிட்டியிடமும் கொடுங்கள். அப்போதே அடுத்த ஆண்டுக்கான கொடை நாட்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.